ஒலியைப் பதிந்து தந்த தோமஸ் அல்வா எடிசன்

மின்குமிழ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் தோமஸ் அல்வா எடிசன். அவர் சிறுவயது முதலே காது சரிவரக் கேளாதவர் என்பதைப் பலர் அறியார்.

எடிசன் 1847 பெப்ரவரி 11 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள மிலான் என்னும் ஊரிற் பிறந்தார். பாடசாலையில் அவர் படித்தது சில மாதங்களே. மூளை குழம்பிய பிள்ளை என ஆசிரியர் கருதியதால் மனம் வருந்திய தாய் நான்சி, மகனுக்குத் தாமே வீட்டிற் கற்பித்தார்.

பன்னிரண்டு வயதளவில் அவர் புகையிரதத்திற் பத்திரிகை விற்றார். அக்காலத்திலேயே செவிப்புலன் குறைந்திருந்தது. ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கியதால் இது நேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. ஆயினும் சிறுவயதிற் கண்ட காய்ச்சலும் காதுநோயுமே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர். பிறரோடு உரையாடுவது கடினமாகவே, டெட்ரொயிட் நகர நூலகத்திற் புத்தகங்களைத் துணையாக்கிக்கொண்டார்.

1862 இல் தண்டவாளத்தில் ஆபத்தை எதிர்நோக்கிய புகையிரத நிலைய அதிபரின் மகனை எடிசன் காப்பாற்றினார். நன்றிக்கடனாக அதிபர் அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். தந்தி அறையின் ஏனைய இரைச்சல் அவரைக் குழப்பவில்லை. அருகிலிருந்த தம் கருவியின் ஒலி மட்டுமே கேட்டது. குறையே அங்கு துணையாயிற்று.

தொலைபேசியின் மெல்லிய குரல் அவருக்குக் கேட்கவில்லை. ஆகவே குரலை உரத்துத் தரும் கரி ஒலிவாங்கியை உருவாக்கினார். 1877 இல் போனோகிராப் என்னும் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். கருவியின் மரப்பகுதியைப் பற்களாற் கடித்து, எலும்பு வழியே வரும் அதிர்வினால் இசையைக் கேட்டார். 1879 இல் நீண்டநேரம் எரியும் மின்குமிழை ஆக்கினார். அமெரிக்காவில் 1093 ஆக்கவுரிமைகளைப் பெற்ற அவர், 1931 ஒக்டோபர் 18 ஆம் திகதி காலமானார். கேளாமையை அவர் மறைக்கவில்லை. அமைதியாகச் சிந்திக்க அது உதவியதாகவே பிற்காலத்திற் கூறினார்.

மாணவர்களே, ஹற்றன், நுவரெலியாத் தோட்டப் பாடசாலைகளிலும் பாடம் விளங்கியதுபோலத் தலையாட்டியபடி பின்வாங்கில் இருப்போர் இருக்கலாம். காது கேளாமை மந்தபுத்தியன்று. ஆசிரியரிடம் கூறி முன்வாங்கில் அமருங்கள். அரசாங்க வைத்தியசாலையிற் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செவிப்புலன் கருவி அணிவது மூக்குக்கண்ணாடி அணிவது போன்றதே. வகுப்பில் அத்தகைய நண்பர் இருந்தால், பட்டப்பெயர் சூட்டாது முகம்பார்த்துத் தெளிவாகப் பேசுங்கள்.

பயிற்சி: எடிசனின் செவிப்புலன் குறைவு அவரது தொழிலுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் எவ்வாறு துணைபுரிந்தது? இரண்டு உதாரணங்கள் தந்து விளக்குக.