காயமே வரிசையை முடிவு செய்யட்டும்: போர்க்கள வைத்தியர் லாரேயின் கதை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதன் ஆழத்தையும் அழகையும் எழுதுவார்கள். எனக்கு அது காயப்பட்டவர்கள் வந்து இறங்கிய துறையும்கூட. 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி, இதற்கு வெளியே உள்ள கடலில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதின. சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்கள் காயப்பட்டவர்களோடு இந்தத் துறைக்குத்தான் திரும்பின. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரை, புதுமாத்தளனிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றிய எங்கள் சனங்கள் முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுவரப்பட்டார்கள்.

அந்த மாதங்களில் நானும் இந்த ஊரில்தான் இருந்தேன். அதனால் ஒரு கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. காயப்பட்டவர்கள் கூட்டமாக வரும்போது யாரை முதலில் தூக்குவது? யார் அதை முடிவு செய்வது? இந்தக் கேள்விக்குப் போர்க்களத்தில் நின்று பதில் சொன்ன ஒரு வைத்தியரைப் பற்றி எங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் டொமினிக் ஜான் லாரே.

லாரே 1766 யூலை 8ஆம் திகதி பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தில் போதேயான் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சப்பாத்துத் தைப்பவர். 13 வயதில் தகப்பனை இழந்த பையனை, துலூஸ் நகரில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்துத் தொழிலையும் பழக்கினார். பின்னர் கடற்படைக் கப்பலில் வைத்தியராக வட அமெரிக்கக் கரைவரை போனார். கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. பரிஸ் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார்.

1792இல் ரைன் நதிக்கரைப் போர்முனைக்கு அனுப்பப்பட்டபோதுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கியது. அன்றைய ஒழுங்கின்படி வைத்திய வண்டிகள் சண்டை நடக்கும் இடத்திலிருந்து பல கிலோமீற்றர் பின்னால் நிற்க வேண்டும். சண்டை முடிந்த பிறகுதான் காயப்பட்டவர்களைத் தேடிப் போவார்கள். அதற்குள் ஒரு நாளோ அதற்கு மேலோ கடந்துவிடும். குருதி வடிந்தே பலர் செத்துப் போனார்கள்.

பீரங்கிகளைக் குதிரைகள் வேகமாக இழுத்துக்கொண்டு களத்தில் ஓடுவதை லாரே பார்த்தார். கொல்லும் கருவி இவ்வளவு வேகமாகப் போக முடியுமென்றால், காப்பாற்றும் வண்டி ஏன் போக முடியாது? அந்த யோசனையில் பிறந்ததுதான் பறக்கும் அம்புலன்ஸ். இரண்டு சில்லு வண்டியில் இருவர் படுக்கலாம், நான்கு சில்லு வண்டியில் நால்வர் படுக்கலாம். காயப்பட்டவர் குலுங்காமல் இருக்க வில் பொருத்தினார். வண்டியோடு வைத்தியரும் உதவியாளரும் மருந்தும் போனார்கள். 1797இல் இத்தாலியில் இதை 340 பேர் கொண்ட ஒரு முழு அணியாக்கினார். 1798இல் எகிப்துக்குப் போனபோது, மணலில் சில்லு ஓடாது என்று ஒட்டகங்களின் இருபுறமும் பெட்டிகளைக் கட்டிக் காயப்பட்டவர்களை ஏற்றினார்.

வேகத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்றையும் அவர் செய்தார். அதுவரை அதிகாரிக்கு முதலிடம், சாதாரணச் சிப்பாய்க்குக் கடைசி இடம். எதிரியின் சிப்பாய்க்கு இடமே இல்லை. லாரே இந்த வரிசையை உடைத்தார். ஆபத்தான காயம் உள்ளவர் முதலில், தரமும் பதவியும் பார்க்கக் கூடாது, காயம் குறைந்தவர் காத்திருக்கலாம் என்று விதித்தார். எதிரிப் படையினரையும் அதே மேசையில் வைத்துச் சிகிச்சை செய்தார்.

இதற்கு முதலில் வேண்டியது, காயத்தைப் பார்த்து எடைபோடும் கண். இன்று தாதியர் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, குருதி எங்கே போகிறது, நினைவு இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். பீறிட்டுப் பாயும் குருதியை உடனே அழுத்தி நிறுத்த வேண்டும். உடுப்பை விலக்கி மறைந்த காயம் தேடிவிட்டு, உடல் குளிராமல் மூட வேண்டும். அதிகம் கத்துபவர்தான் மோசமாக இருக்கிறார் என்றில்லை. கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாமல் வெளிறிக் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். ஷெல்லடிக்குள் வாழ்ந்த எங்கள் தாய்மாரில் பலர் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள்.

மயக்க மருந்து இல்லாத காலம் அது. சிதைந்த கையையோ காலையோ அகற்ற வேண்டுமென்றால் முதல் 24 மணித்தியாலத்துக்குள் அகற்ற வேண்டும், கிருமி ஏறிக் காய்ச்சல் தொடங்கிய பிறகு காப்பாற்றுவது கடினம் என்பது லாரேயின் அனுபவம். 1812இல் ரஷ்யாவின் பொரோடினோ சண்டையில் ஒரே நாளில் ஏறக்குறைய 200 அங்கங்களை அகற்றினார். அங்கிருந்து பின்வாங்கும்போது பெரெசினா ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் அகப்பட்டார். அவரை அடையாளம் கண்ட சிப்பாய்கள் தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள்.

1813இல் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. சக்சனியில் நடந்த சண்டைகளில் 2,000க்கும் மேற்பட்ட இளம் சிப்பாய்களுக்குக் கையிலும் விரலிலும் காயம். சண்டைக்குப் பயந்து தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் குற்றம் சாட்டினார்கள். நெப்போலியனும் அதை நம்பினான். தண்டிக்க முன்னர் லாரே ஒவ்வொருவரையும் நேரில் பரிசோதித்தார். பயிற்சி குறைந்த பையன்கள் வரிசையாக நின்று சுட்டபோது, பின்வரிசைத் துப்பாக்கிகள் முன்வரிசையின் கைகளைப் பதம் பார்த்திருக்கின்றன என்று விளக்கினார். ஒருவரும் குற்றவாளி இல்லை என்று பேரரசனிடமே அறிக்கை கொடுத்தார். நெப்போலியன் அதை ஏற்றுக்கொண்டு அவருக்கு ஓய்வூதியமும் வழங்கினான்.

உடலில் உள்ள தழும்புக்கு விளக்கம் சொல்லி அலுத்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். காயம் என்பது குற்றத்தின் சாட்சி அல்ல என்று அதிகாரத்தின் முன் நின்று சொல்ல ஒரு வைத்தியர் வாய்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1815இல் வாட்டர்லூவில் லாரே பிரஷ்யப் படையிடம் பிடிபட்டார். சுடுவதற்குக் கொண்டுபோன இடத்தில் ஒரு பிரஷ்ய வைத்தியர் அவரை அடையாளம் கண்டதால் உயிர் தப்பினார். பிரஷ்யத் தளபதி புளூஹரின் மகனுக்கு முன்னர் லாரே சிகிச்சை செய்திருந்தார் என்பதும் விடுதலைக்கு உதவியது என்பார்கள். எதிரிக்குச் செய்த வைத்தியம் அவருக்கே திரும்பி வந்தது. நெப்போலியன் தன் உயிலில் அவருக்கு 1,00,000 பிராங் எழுதி வைத்து, தான் அறிந்தவர்களில் மிக நேர்மையான மனிதர் அவரே என்றும் குறிப்பிட்டான். 1842இல், 76ஆவது வயதில், அல்ஜீரியாவில் இராணுவ வைத்தியசாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில் லியோன் நகரில் லாரே காலமானார்.

அவர் இறந்து 22 ஆண்டுகளில் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை வந்தது. 1949ஆம் ஆண்டின் உடன்படிக்கை, காயப்பட்ட படையினருக்குச் சிகிச்சை தரும் வரிசையை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்று எழுதியே வைத்தது. இலங்கையும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. ஆகவே வரிசையைக் காயம் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. யார், எந்த மொழி, எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால் மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியது, காயப்பட்டவருக்கு எல்லோரும் பட்டிருக்கும் கடமை.

இன்று எங்கள் வீதிகளில் விபத்து நடந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. அது வரும் வரையுள்ள நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில் இருக்கின்றன. குருதி பாயும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், விடாதீர்கள். பெயரைப் பிறகு கேட்கலாம்.