பெஞ்சியில் உட்கார வைக்கப்பட்ட கூடைப்பந்து மன்னர்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த இங்கிள்வுட் என்னும் ஊரில் "போரம்" என்ற பெரிய விளையாட்டு அரங்கு இருக்கிறது. 1969-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி இரவு, அந்த அரங்கின் கூரைக்கு அடியில் ஆயிரக்கணக்கான பலூன்களை வலை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் தயாராக இருந்தனர். வெற்றி பெற்றதும் பலூன்கள் எப்படிக் கொட்டும், பாண்டுக்காரர்கள் என்ன வாசிப்பார்கள், எந்தெந்த ஆட்டக்காரர் பேட்டி அளிப்பார்கள் என்பதையெல்லாம் தாளில் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது.

ஆட்டம் மட்டும் இன்னும் தொடங்கவில்லை!

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் சாம்பியன் பட்டம் யாருக்கு என்பதை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம் அது. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் கோஷ்டிக்குப் பட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோஷ்டியும் பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டியும் ஆளுக்கு மூன்று வென்று சமமாக நின்றன.

அன்று கடைசி சில நிமிடங்களில், உலகமே அறிந்த ஓர் ஆட்டக்காரர், களத்தில் இறங்க அனுமதி கேட்டும் கிடைக்காமல் ஓரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் வில்ட் சேம்பர்லேன். அந்தச் சில நிமிடங்கள் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

ஏழடி ஓர் அங்குலம்

1936-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி பிலடெல்பியா நகரில், பிள்ளைகள் நிறைந்த ஒரு கறுப்பு இனத்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே மளமளவென்று வளர்ந்தார். முழு வளர்ச்சியில் அவர் உயரம் ஏழடி ஓர் அங்குலம். வாசல் நிலையில் தலை இடிக்காதபடி குனிந்து குனிந்து நுழைவதைப் பார்த்து, நண்பர்கள் "டிப்பர்" என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு ஓராண்டு "ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ்" என்ற கண்காட்சிக் கோஷ்டிக்கும் ஆடிவிட்டு, 1959-ல் பிலடெல்பியா வாரியர்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50 பாயிண்டுக்கு மேல் எடுத்தார். 1962-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, சாக்லேட்டுக்குப் பெயர் போன ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் கோஷ்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்டு எடுத்தார். அன்று கூடியிருந்தவர்கள் 4,124 பேர். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

ஆனாலும் பட்டம் கிட்டவில்லை. குறுக்கே நின்றவர் பாஸ்டன் கோஷ்டியின் பில் ரஸ்ஸல். பாயிண்டு எடுப்பதைவிட எதிரியைத் தடுப்பதில் வல்லவர் அவர். 1960 முதல் 1966 வரை, பருவத்தின் முடிவில் நடக்கும் பட்டப் போட்டிகளில் ஐந்து முறை பாஸ்டனிடம் தோற்றார் சேம்பர்லேன். எண்ணிக்கை அவருக்கு, வெற்றி ரஸ்ஸலுக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. தோல்வியாளர் என்ற பட்டப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் களத்துக்கு வெளியே இருவரும் நெருங்கிய நண்பர்கள். நன்றி தெரிவிக்கும் திருநாள் அன்று பிலடெல்பியாவில் ஆட்டம் இருந்தால், சேம்பர்லேன் வீட்டில்தான் ரஸ்ஸலுக்கு விருந்து.

முதல் பட்டம்

1966-ல், பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் கோஷ்டிக்கு அலெக்ஸ் ஹன்னம் பயிற்சியாளராக வந்தார். முரட்டு மனிதர். ஆனாலும் காரணம் சொல்லி வாதாடத் தெரிந்தவர். கோஷ்டியில் பாயிண்டு எடுக்க வேறு நால்வர் இருக்கிறார்கள். நீங்கள் எறிவதைக் குறைத்து, பந்தை அவர்களுக்குக் கொடுங்கள் என்பதே அவர் வாதம். சேம்பர்லேன் அதை ஏற்றார். சராசரி 24 பாயிண்டாக இறங்கியது. கோஷ்டியோ 81 ஆட்டங்களில் 68 வென்றது. பாஸ்டனை நான்குக்கு ஒன்று என்று முறியடித்து, 1967-ல் பட்டத்தையும் பிடித்தது.

மறு ஆண்டு பாஸ்டன் பழி தீர்த்தது. ஹன்னமும் வேறு கோஷ்டிக்குப் போனார். 1968-ல் சேம்பர்லேன் லேக்கர்சுக்கு மாற்றப்பட்டார்.

ஒத்துப்போகாத இருவர்

லேக்கர்சில் ஏற்கெனவே ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்ற இரு மாவீரர்கள் இருந்தனர். மூவரும் சேர்ந்தால் வெல்ல யார் உண்டு என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் பயிற்சியாளர் புட்ச் வான் பிரடா கோல்ப் ஓடி ஓடிப் பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தை விரும்பியவர். சேம்பர்லேன் வளையத்துக்கு அருகே நின்று ஆடிப் பழகியவர். அங்கே நின்றால் பெய்லர் பாய்ந்து வர வழி இல்லை என்பது பயிற்சியாளரின் கட்சி. தன்னைத் தூரத்தில் நிறுத்தினால் தன் பலமே வீண் என்பது சேம்பர்லேனின் கட்சி. பருவம் முழுவதும் சச்சரவு ஓயவில்லை.

எதிரே பாஸ்டனில் நிலைமை வேறு. அங்கே ஆட்டக்காரரும் ரஸ்ஸல், பயிற்சியாளரும் ரஸ்ஸல். அவரை உட்காரச் சொல்ல வேறு ஆள் இல்லை!

பாஸ்டனுக்கு அது முதுமைப் பருவம். கிழக்குப் பிரிவில் நான்காவது இடத்தில்தான் முடித்திருந்தது. இறுதிப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டங்களையும் லேக்கர்ஸ் வென்றது. முதல் ஆட்டத்தில் வெஸ்ட் மட்டும் 53 பாயிண்டு எடுத்தார். நான்காவது ஆட்டத்தில் கடைசி நொடியில் சாம் ஜோன்ஸ் எறிந்த பந்து உள்ளே விழ, 89-88 என்று பாஸ்டன் பிழைத்தது. ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் வென்றாலும் வெஸ்டுக்குத் தொடைத் தசையில் அடி. ஆறாவது ஆட்டத்தில் சேம்பர்லேன் எடுத்தது வெறும் 8 பாயிண்டு, பாஸ்டன் வென்றது.

அந்தக் கடைசி நிமிடங்கள்

ஏழாவது ஆட்டத்துக்கு அச்சடித்த தாள் பாஸ்டன் கோஷ்டியின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதைவிட வேறு தூண்டுதல் வேண்டுமா? நான்காவது கட்டத்தின் தொடக்கத்தில் பாஸ்டன் 17 பாயிண்டு முன்னே இருந்தது. நொண்டிக்கொண்டே ஆடிய வெஸ்ட் அந்த இடைவெளியைக் குறைக்கத் தொடங்கினார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல் இருக்கையில், உயர எழும்பிப் பந்தைப் பிடித்த சேம்பர்லேன் தரையில் இறங்கும்போது முழங்கால் பிசகிற்று. வலி பொறுக்காமல் வெளியே வந்தார். அவருக்குப் பதில் மெல் கவுண்ட்ஸ் இறங்கினார். எவரும் எதிர்பாராத வகையில் கவுண்ட்சும் பாயிண்டு எடுத்தார். இடைவெளி ஒன்றே ஒன்று ஆயிற்று.

கால் கொஞ்சம் தேறியதும் சேம்பர்லேன் திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். நீங்கள் இல்லாமலே நன்றாக நடக்கிறது என்று பயிற்சியாளர் மறுத்துவிட்டார். மீண்டும் கேட்டபோதும் அதே விடைதான்.

அவர் முடிவுக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. களத்தில் இருந்தவர்கள்தாம் விட்ட இடத்தைப் பிடித்துக் கொண்டிருந்தனர். சேம்பர்லேனுக்கோ கால் வலி. தலைக்கு மேல் ஐந்து தப்பாட்டங்கள், ஆறானால் வெளியேற வேண்டும். அன்று தனி எறிதல் 13-ல் 4 மட்டுமே அவர் போட்டிருந்தார். ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை அதுவரை 27 முறை கைப்பற்றியவரும் அவரே. ஒரு பாயிண்டு வித்தியாசத்தில் அப்படிப்பட்ட மனிதரை உட்கார வைக்கலாமா? அங்கேதான் வழக்கு.

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில், பாஸ்டனின் டான் நெல்சன் கையில் தற்செயலாகப் பந்து சிக்கியது. அவர் எறிந்த பந்து வளையத்தின் பின்புறம் பட்டு, உயர எழும்பி, நேராக உள்ளேயே விழுந்தது. 108-106. பட்டம் பாஸ்டனுக்கு. பலூன்கள் கூரையிலேயே தங்கின.

42 பாயிண்டு எடுத்த வெஸ்டுக்கு, தோற்ற கோஷ்டியில் இருந்தும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. வான் பிரடா கோல்ப் லேக்கர்சை விட்டு விலகினார்.

முறிந்த நட்பு

பதின்மூன்று ஆண்டுகளில் பதினோரு பட்டம் வென்ற ரஸ்ஸல், அத்துடன் ஓய்வு பெற்றார். சில காலத்துக்குள் மாணவர்களிடையே பேசுகையில், கால் ஒடிந்தாலொழிய அப்படிப்பட்ட ஆட்டத்தை விட்டு ஒருவர் வெளியேறக் கூடாது என்ற கருத்தில் சேம்பர்லேனைக் குறை கூறினார். பேச்சு பத்திரிகைகளுக்கு எட்டியது. திரும்பப் போகக் கேட்டும் தடுக்கப்பட்டவருக்கு அந்தச் சொல் எப்படிச் சுட்டிருக்கும்! இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதே 1969-ம் ஆண்டு நவம்பரில், அதே சேம்பர்லேனின் முழங்கால் தசைநார் அறுந்தது. பருவம் முடிந்தது என்றார்கள். அவரோ தேறி வந்து 1970 இறுதிப் போட்டியில் ஆடினார். நியூயார்க்கிடம் ஏழாவது ஆட்டத்தில் மீண்டும் தோல்வி.

மீண்டும் ஒரு பயிற்சியாளர்

1971-ல் லேக்கர்சுக்குப் பில் ஷார்மன் வந்தார். ஆட்ட நாளன்று காலையிலேயே எல்லோரும் பயிற்சிக்கு வர வேண்டும் என்பது அவர் முறை. இரவில் கண் விழித்துப் பகலில் உறங்கும் சேம்பர்லேனை எப்படி எழுப்புவது? ஷார்மன் உத்தரவு போடவில்லை. உட்கார்ந்து பேசிக் கேட்டார். சேம்பர்லேன் ஒப்புக்கொண்டார். எதிரியைத் தடுத்து, திரும்பும் பந்தைப் பிடித்து, ஓடுகிறவர்களுக்கு எறிவதே இனி உங்கள் வேலை என்றதற்கும் சம்மதித்தார். ஒரு காலத்தில் 50 பாயிண்டு சராசரி எடுத்தவர் 15-க்கும் குறைவாக எடுத்தார். லேக்கர்சோ தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்றது. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. கத்திக் கத்தி ஷார்மனின் தொண்டைதான் நிரந்தரமாகக் கெட்டது.

1972 இறுதிப் போட்டியில் மீண்டும் நியூயார்க். நான்காவது ஆட்டத்தில் சேம்பர்லேன் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் ஆடுவாரா என்ற ஐயம் எழுந்தது. கையில் கட்டுடன் இறங்கினார். 24 பாயிண்டு; திரும்பிய பந்தை 29 முறை கைப்பற்றினார். மே 7-ந் தேதி லேக்கர்ஸ் பட்டம் வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. அடிபட்டால் ஒதுங்குபவர் என்ற பழிச்சொல்லுக்கு அந்த இரவே பதில்.

1973-ல் அவர் ஆட்டத்தை விட்டார். 1,045 பருவ ஆட்டங்களில் ஒரு முறைகூட ஆறு தப்பாட்டம் ஆடி வெளியேறியதில்லை என்பது அவருக்குப் பெருமை.

காலம் கோபத்தை ஆற்றியது. ரஸ்ஸல் மன்னிப்புக் கேட்டார். பழைய நட்பு தளிர்த்தது. 1999-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்சில் தம் இல்லத்தில், 63-வது வயதில் சேம்பர்லேன் காலமானார். அஞ்சலிக் கூட்டத்தில் ரஸ்ஸல் நண்பராக நின்று பேசினார். 2022-ல் அவரும் மறைந்தார்.

சேம்பர்லேன் வென்ற பட்டங்கள் இரண்டு. காரணம் சொல்லிக் கேட்ட பயிற்சியாளர் இருந்த ஆண்டுகளில்தான் இரண்டும் கிடைத்தன. அவரை உட்கார வைத்த ஆண்டிலோ, இரண்டு பாயிண்டில் பட்டம் போயிற்று. அன்று அவர் திரும்ப இறங்கியிருந்தால் லேக்கர்ஸ் வென்றிருக்குமா? கூடைப்பந்து ரசிகர்கள் இன்னும் அதைப் பேசித் தீர்க்கவில்லை.