பேராசிரியர் அழகையா துரைராஜா

சமயப் பெரியார், தமிழ்ப் புலவர், பாடசாலை நிறுவிய வள்ளல் என்போரின் சரிதங்களே எம்மவர் வெளியிடும் மலர்களிலே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அது தக்கதே. ஆயினும் மண்ணை ஆராய்ந்த பொறியியலறிஞர் ஒருவரின் வாழ்வும் எம் இளைஞர் அறியவேண்டியதொன்றென்று கருதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்து 1994 ஆம் ஆண்டிலே மறைந்த பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களைப் பற்றி எழுத முற்படுகின்றோம். முதியோர் பலர் அவரை நேரிற் கண்டிருப்பர். இளைஞருக்கோ அவர் ஒரு பெயர் மாத்திரமே.

வடமராட்சியிலே கம்பர்மலை என்னும் சிற்றூரைச் சேர்ந்த அழகையா, செல்லம்மா தம்பதிகளுக்கு மைந்தராக, 1934 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10 ஆம் நாள் அவர் பிறந்தார். ஆரம்பக் கல்வியை உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் பாடசாலையிலும், பின்னர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் பெற்றார். கணிதத்திற் சிறந்த மாணவரை ஆண்டுதோறும் கொழும்புக்கு அனுப்பிவைத்த கல்லூரி அது. அக்காலத்திலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் புதியது. 1950 ஆம் ஆண்டிலேதான் அது கொழும்பில் ஆரம்பமாயிற்று. அதற்கு முன்னர் எம் நாட்டிலே பொறியியல் கற்க விரும்பியோர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. புதிய பீடத்தின் முதற் பத்தாண்டுக்குள்ளேயே, 1957 ஆம் ஆண்டில், துரைராஜா அவர்கள் குடிசார் பொறியியலில் முதலாம் வகுப்பிற் சித்தியெய்தினார். அதன்பின் மேற்படிப்புக்காக அவர் சென்ற இடம் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம்.

கேம்பிறிட்ஜில் அவர் செய்த ஆராய்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். அவரைப் புகழ்ந்து பேசுவோர் பலரும் அவர் பெரிய மேதை என்று கூறி அமைவரேயன்றி, அவர் கண்டுபிடித்தது யாது என்று சொல்வது அரிது. புகழ்ச்சியினும் பொருளறிதல் நன்று.

வீடு, பாலம், குளக்கட்டு ஆகிய யாவும் மண்ணின்மேல் நிற்பன. அம்மண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எப்போது தளர்ந்து சரியும் என்பதைக் கட்டுவோர் முன்கூட்டியே அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலே கூலோம் என்ற பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர் இதற்கொரு விதி கூறினார். மண்ணின் வலிமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று துணிக்கைகளுக்கிடையே உண்டாகும் உராய்வு, மற்றையது அவற்றை ஒட்டிவைக்கும் பிணைவு என்பது அவர் கொள்கை. அவ்விதியைக் கொண்டே உலகத்துப் பொறியியலாளர் இருநூறு ஆண்டுகளாகக் கட்டிவந்தனர். ஆனால் அது மண் தளரும் கணத்தைப் பற்றியதேயன்றி, தளருமுன்னர் மண் எவ்வாறு அமுங்கும், அமுங்குகையில் அதனுள்ளிருக்கும் நீருக்கு யாது நிகழும் என்பவற்றை அது சொல்வதில்லை. இறுகிய மண்ணைச் சரிக்க முற்படின் அது சற்றே விரிகின்றது. நெகிழ்ந்த ஈரக்களியோ சுருங்குகின்றது. மாரி மழையில் நனைந்த வயல் வரம்பை மிதித்துப் பார்த்த எவரும் இவ்வேறுபாட்டைக் காலால் அறிவர். இரண்டையும் ஒரே கணக்கினுள் அடக்குவது எங்ஙனம் என்பதே வினாவாயிருந்தது.

கேம்பிறிட்ஜிலே கெனத் றோஸ்கோ என்பவர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இவ்வினாவைத் துருவிக்கொண்டிருந்தது. எந்த மண்ணாயினும், தொடர்ந்து சரிக்கப்படின், முடிவில் அதன் பருமன் மேலும் மாறாத ஒரு நிலையை அடையும் என்று றோஸ்கோ, சோபீல்ட், றொத் ஆகிய மூவரும் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். அவதிநிலை என்று அதனைக் கூறுவர். அந்நிலைக்குச் செல்லும் வழியைக் கணக்கிடும் வகைதான் எஞ்சியிருந்தது. அக்குழுவிலே எம் கம்பர்மலை இளைஞர் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது கயோலின் என்னும் வெண்களி. அக்களியை உருளை வடிவாக்கி, மெல்லிய இறப்பர் உறையால் மூடி, சுற்றிலும் நீரமுக்கம் கொடுத்து, மேலிருந்து மெல்ல மெல்ல அழுத்துவர். உள்ளிருக்கும் நீரை வெளியேற விட்டு ஒரு முறையும், விடாது ஒரு முறையும் சோதிப்பர். நாட்கணக்காகப் பொறுமையோடு அளவெடுக்க வேண்டிய வேலை இது. துரைராஜா அவர்கள் தம் அளவீடுகளைக் கொண்டு ஒரு கேள்வி கேட்டார். களியை அழுத்துகையில் நாம் செலுத்தும் வேலை எங்கே போகின்றது? அதிலொரு பகுதி வில்லை அழுத்தினாற்போல உள்ளே சேமிக்கப்பட்டு, பாரத்தை நீக்கியபோது மீளுகின்றது. மறுபகுதி உள்ளே தேய்ந்து ஒழிகின்றது. இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்துக் கணக்கிட்டபோது ஓர் எளிமை புலப்பட்டது. நீரை வெளியேற விட்ட சோதனையிலும் விடாத சோதனையிலும், உள்ளே ஒழிந்த வேலை முழுவதற்கும் உராய்வைக் குறிக்கும் ஒரேயொரு மாறிலி போதுமாயிற்று. பருமன் மாறினும் மாறாவிடினும் கணக்கு ஒன்றே.

இதுவே அக்குழு தேடிநின்ற திறவுகோல். இதனை அடிப்படையாகக் கொண்டு, நெகிழ்ந்த களி எந்த எல்லையில் தளர்ந்து இளகத் தொடங்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு அமைக்க முடிந்தது. றோஸ்கோ, சோபீல்ட், துரைராஜா ஆகிய மூவர் பெயரிலும் அவ்வாராய்ச்சி 1963 ஆம் ஆண்டிலே ஜியோடெக்னிக் என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அங்கு ஓடும் காம் நதியின் பெயரால் அக்கொள்கைக்குக் காம் களி என்று பெயரிட்டனர். பிற்காலத்திலே அது திருத்தி வளர்க்கப்பட்டது. மென்களியின்மேல் அணை கட்டுவோரும் நகரத்தின் அடியிலே சுரங்கம் தோண்டுவோரும் கணினியிற் செய்யும் கணிப்புகளுக்கு இக்கொள்கையின் வழிவந்த மாதிரிகளை இன்றும் பயன்படுத்துகின்றனர். மண் பொறிமுறை கற்கும் மாணவர் உலகெங்கும் இதனைக் கற்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் மூன்றாவது பெயரை எவ்வாறு உச்சரிப்பதென்று அறியார்.

கலாநிதிப் பட்டத்துடன் துரைராஜா அவர்கள் இலங்கைக்குத் திரும்பினார். 1963 ஆம் ஆண்டுக் கட்டுரை அச்சேறுமுன்னரே அவர் கேம்பிறிட்ஜை விட்டகன்று விட்டார். இவ்விடத்திலே எம் சங்கத்தார் சிலர் எழுப்பும் ஒரு வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. அவர் அங்கேயே தங்கியிருப்பின் அக்கொள்கையைத் தாமே மேலும் வளர்த்து உலகப்புகழ் எய்தியிருப்பார். திரும்பி வந்தமையால் விஞ்ஞானம் ஓர் ஆராய்ச்சியாளனை இழந்தது என்பர் அவர்கள். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வுகூடம், கருவி, உடன் ஆராய்வோர் ஆகிய வசதிகள் இங்கே அந்த அளவில் இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். பொறியியற் பீடம் தோன்றிப் பத்தாண்டு கழிந்த ஒரு நாட்டிலே, அத்துறையின் முன்னணியில் நின்று ஆராய்ந்த ஒருவர் தாமே வகுப்பறையில் நின்று முதற் பாடத்தைக் கற்பிப்பது சிறு காரியமன்று. பிள்ளைகளை வெளிநாடு அனுப்பத் துடிக்கும் பெற்றோரும், போகத் துடிக்கும் பிள்ளைகளும் இரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்கட்டும். எமக்கென்றால், அவர் திரும்பி வந்தமை இழப்பாகத் தோன்றவில்லை.

1964 ஆம் ஆண்டிலே பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறிற்று. மகாவலி நதிக் கரையிலே அமைந்த அப்பீடமே துரைராஜா அவர்களின் உழைப்பின் பெரும்பகுதியைப் பெற்றது. விரிவுரையாளராயிருந்து, குடிசார் பொறியியற் பேராசிரியராகி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருமுறை பீடாதிபதியாகவும் விளங்கினார். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கற்ற பீடம் அது. அவரிடம் மண் பொறிமுறை கற்றுச் சென்ற பொறியியலாளர் இந்நாட்டின் வீதிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பணிபுரிந்தனர். அவர் இரண்டாம் முறை பீடாதிபதியாயிருந்த காலத்திலேதான் 1983 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். யூலையிலே நாடு முழுவதும் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். மாணவர் பலர் படிப்பை இடையில் விட்டு வடக்குக்கு ஓடினர். ஆசிரியர் பலர் கடல்கடந்தனர். அவருடைய தகைமைக்கு எந்த நாட்டுக் கதவும் திறந்திருக்கும். அவர் செல்லவில்லை.

1988 ஆம் ஆண்டிலே, பேராசிரியர் வித்தியானந்தன் அவர்களுக்குப் பின்னர், துரைராஜா அவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974 ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கி, 1979 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனம் அது. அவர் பொறுப்பேற்குமுன், 1987 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, இந்தியப் படையின் அதிரடி வீரர் அவ்வளவிலேயே வந்திறங்கிப் பெரும் சண்டை நிகழ்ந்தது. ஆகவே அவர் கைக்கு வந்தது போர்க்களமாயிருந்த ஒரு வளவு.

அடுத்த ஆண்டு, 1989 செப்ரெம்பர் 21 ஆம் நாள், மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். எவருடைய துப்பாக்கிக்கும் அஞ்சாது எழுதிய ஆசிரியை அவர். தன் ஆசிரியரைக் காக்கும் வல்லமை எந்தத் துணைவேந்தருக்கும் அக்காலத்தில் இருக்கவில்லை. இதனை நாம் எழுதாது விடின், அவர் எத்தகைய காலத்திற் கடமை புரிந்தார் என்பது விளங்காது.

1990 ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியப் படை வெளியேறிற்று. யூனிலே மீண்டும் யுத்தம் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் என்பவை வருவது தடைப்பட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டமையால் தென்னிலங்கை செல்வோர் கிளாலியிலிருந்து இரவிலே படகேறி உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடலேரியைக் கடந்தனர். வானத்திலிருந்து குண்டு வீழ்ந்தது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சிட்டு, சிறிது மண்ணெண்ணெய் வார்த்து, சிறு குழாயில் நூற்றிரி செருகிய விளக்கின் முன்னே அக்கால மாணவர் படித்தனர். சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவால் வானொலி கேட்டனர். இவற்றை முதியோர் மறந்திரார். இளைஞர் வீட்டில் கேட்டறிக.

இப்படியான ஊரிலே ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவதென்றால், ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இரசாயனமும் பரீட்சைக்கு வேண்டிய கடதாசியும்கூட ஒரு துணைவேந்தரின் கவலைகளாகும். அதனிலும் கடினம் வேறொன்று. பல்கலைக்கழகத்தின் பணமும் சட்டமும் கொழும்பிலிருந்து வந்தன. ஊரிலே ஆட்சி விடுதலைப் புலிகளின் கையில் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஊதியம் நிற்கும், மறுபக்கம் சாய்ந்தால் வாசல் மூடப்படும். இரு பக்கத்து அழுத்தத்தையும் தாங்கி, விரிவுரை நடத்தி, பரீட்சை வைத்து, பட்டதாரிகளை வெளியேற்றிக்கொண்டிருந்தது அப்பல்கலைக்கழகம். அது மூடப்பட்டிருப்பின் ஒரு தலைமுறை மாணவருக்கு வேறு போக்கிடம் இல்லை. எரிபொருள் இல்லாத ஊரிலே துணைவேந்தரும் துவிச்சக்கரவண்டியில் வந்துபோனார் என்பதை அக்கால மாணவர் இன்றும் சொல்வர். அப்பர் பெருமான் உழவாரம் தாங்கித் திருவீதி செதுக்கியதைப் படித்து வளர்ந்த எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை; ஆயினும் பதவிக்கு முன்னே வாகனத்தைக் கேட்கும் இக்காலத்தவருக்குச் சொல்லவேண்டியே இருக்கின்றது.

யுத்தத்தின் நடுவேயும் அவர் காலத்திற் பல்கலைக்கழகம் வளர்ந்ததென்பது வியப்புக்குரியது. வன்னி நிலத்துக்கு உகந்த கல்வி விவசாயமே. 1990 ஆம் ஆண்டிலே கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பட்டது. பின்னர் அது யுத்தத்தால் இடம்பெயர நேர்ந்தது. தாம் பொறியியலாளராயிருந்தும், அவர் காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியற் பீடம் வாய்க்கவில்லை. வடக்கின் மாணவர் அக்கல்விக்குப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோதான் செல்லவேண்டியிருந்தது. அங்கே செல்வதற்குக் கிளாலிப் படகில் ஏறவேண்டியிருந்தது.

துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே துரைராஜா அவர்கள் நோயுற்று, 1994 ஆம் ஆண்டு யூன் மாதம் 11 ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய ஐந்து மாதம் இருந்தது. அவர் மறைந்தபின் விடுதலைப் புலிகள் மாமனிதர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கினர். அடுத்த ஆண்டு ஒக்டோபரிலே குடாநாட்டு மக்கள் ஓரிரவிலே வலிகாமத்தை விட்டு நடக்க நேர்ந்ததையும், பல்கலைக்கழகம் ஆளொழிந்து கிடந்ததையும் காண அவர் இருக்கவில்லை.

யுத்தம் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின் கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தொடங்கிற்று. விவசாய பீடமும் அவ்விடத்துக்கே மீண்டது. குடிசார் பொறியியல் கற்போருக்கு அங்கே மண் பொறிமுறை ஒரு பாடம்.