தியோடர் பொவேரி

புழுவை அற்பமென்று இகழ்தல் உலக வழக்கு. அப்புழுவின் முட்டையிலே உயிர் பெருகும் முறைமையைக் கண்டு தெளிந்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தியோடர் பொவேரி என்பார் ஜெர்மனி தேசத்துப் பாம்பெர்க் நகரின்கண் 1862ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் மருத்துவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் முதற்கண் வரலாறும் தத்துவமும் பயிலப் புகுந்தவர், விரைவில் உடற்கூற்று நூலின்பாற் சென்று, 1885இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

குதிரையின் குடலில் வாழும் உருண்டைப்புழுவே அவர் தேர்ந்த ஆய்வுப்பொருள். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள. அப்புழுவின் கருவுற்ற முட்டையிலோ நான்கே. ஒருவகைப் புழுவில் இரண்டே. ஆதலின் அவற்றின் இயக்கத்தை ஐயமறத் தொடர்ந்து நோக்க இயன்றது. ஆணணு முட்டையுட் புகுங்கால் நுண்துகளொன்றைக் கொணர்கின்றது. அது இரண்டாய்ப் பிரிந்து எதிரெதிர் முனைகளில் நிற்ப, ஆண்டு நின்றும் இழைகள் எழுந்து, நூல் நூற்கும் கதிர்போல் நடுப்பருத்து முனைகுவிந்த வடிவாகின்றன. நெடுக்கே பிளவுண்ட ஒவ்வொரு குரோமோசோமும் முனைக்கொரு பாதியாய்ப் பங்கிடப்படுகின்றது. அத்துகளுக்கு 1888இல் சென்ட்ரோசோம் என்று பெயரிட்டவர் பொவேரியே.

1893இல் அவர் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்குநூற் பேராசிரியரானார். 1897இல், ஆங்கு ஆராய்ச்சி செய்ய வந்த அமெரிக்க அறிஞர் மார்செல்லா ஓகிரேடி என்னும் அம்மையாரை மணந்தார்.

முனை இரண்டன்றி நான்காயின் யாது நிகழும்? இவ்வினாவிற்கு விடைகாண, நேப்பிள்ஸ் கடற்கரை ஆய்வுநிலையத்தில், ஆணணு இரண்டு புகுந்த கடல்முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தார். பங்கீடு பிழைபட்டது, கருக்கள் பெரும்பாலும் சிதைந்தொழிந்தன. ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனிப் பண்புடையது, ஒன்று குறையினும் உயிர்க்குக் கேடே என்று 1902இல் வெளியிட்டார். அப்பிழையே புற்றுநோய்க்கும் வித்தாகலாம் என்று 1914இல் நூலெழுதினார். அந்நூலை அம்மையார் 1929இல் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். புற்றுக்கட்டிகள் பலவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்ந்திருத்தலை இக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நெடுநாள் பிணியால் மெலிந்தவர் பொவேரி. பெர்லினில் நிறுவப்பெறவிருந்த கைசர் வில்ஹெல்ம் உயிர்நூற் கழகத்தின் தலைமைப் பதவி நாடிவந்தபோதும் உடல்நலமின்மையால் அதனை ஏலாது விடுத்தார். 1915ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாளில் உயிர்நீத்தார். தம் கருத்து மெய்யாதலை அவர் கண்டாரில்லை.

நுண்ணோக்கியைக் குனிந்து நோக்கும் மாணவ நண்பர்காள்! பெரும்பொருள் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதின்று. சிறியதொன்றைப் பொறுமையோடு நோக்குவார்க்கு அதுவே பெரிதாம் என்பதனை இப்பெரியார் வாழ்க்கையினின்றும் யாம் கற்கின்றோம்.