நடேசய்யரை எந்தச் சுவரில் மாட்டுவது?

கடந்த ஆண்டு வாணி விழாவுக்கு முன்னர் நமது மன்ற மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை நடைபெற்றது. சுவரில் இருந்த படங்களை இறக்கித் தூசி தட்டி மேசைமீது அடுக்கியிருந்தோம். விவேகானந்தர், நாவலர், காந்தியடிகள், பாரதியார் என்ற அந்த வரிசையில் இன்னும் ஒரு படம் சேரட்டும் என்று இளைஞர் பகுதியினர் கேட்டனர். அது கோ. நடேசய்யரின் படம். ஓர் ஆணியோடு முடியும் காரியம் என்று எண்ணியே கேட்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன.

எதிர்த்தவர் நமது மன்றத்தின் மூத்த அங்கத்தவர்களுள் ஒருவர்; வயது எண்பதைத் தாண்டியவர். அவருடைய தகப்பனார் 1940ஆம் ஆண்டளவில் காங்கிரஸ் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். எல்லோரும் ஒரே கொடியின் கீழ் திரண்ட காலத்தில் தனிக்கொடி பிடித்தவரின் படத்தைத் தம் தகப்பனார் இருந்தால் பார்க்கச் சகியார் என்பது அவர் சொன்னதன் சாரம். இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நாம் விழித்தோம் என்பதே உண்மை. நாம் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே வில்பர்போர்சின் சரித்திரத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். ஹற்றன் நகரில் நின்று லயத்து மக்களைக் கூவியழைத்த ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததோ பெயர் மட்டுமே. படத்தைக் கேட்ட வாய்க்கு வரலாறு தெரியவில்லை என்ற வெட்கத்தினால் தேடிப் படித்ததின் பயனே இக்கட்டுரை.

தஞ்சாவூரிலே பிராமண குலத்தில் பிறந்தவர் நடேசய்யர். இளமையில் அவருக்கு நாட்டம் வர்த்தகத்தின் பக்கம். வர்த்தகம், கைத்தொழில் பற்றி எழுதுவதும் பத்திரிகை நடத்துவதுமாக இருந்தார். இலங்கைக்கு முதலில் வந்ததும் இங்குள்ள இந்திய வர்த்தகர்களின் தொடர்பினாலேதான். கொழும்பிலே கடைக்காரர்களோடு பேசி உபசாரம் பெற்றுத் திரும்பியிருந்தால் அவர் பெயரை இன்று ஒருவரும் அறியார். அவரோ மலைக்கு ஏறி வந்தார்.

அக்காலத்தில் மலைக்கு வருவது வேறு, தோட்டத்துக்குள் நுழைவது வேறு. தோட்டம் துரையின் சொத்து. அழையாத ஒருவன் லயத்து வாசலில் நின்றால் அத்துமீறிய குற்றமாகும். ஆகவே புடவை வியாபாரியின் வேடத்தில், துணி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நடேசய்யர் தோட்டங்களுக்குள் போனார். இந்தக் கதையை மலைநாட்டில் கேளாதவர் குறைவு. கதை கேட்கச் சுவையாக இருக்கிறதே என்று பலரும் அத்தோடு நின்றுவிடுகின்றனர். பூணூல் அணிந்த, நாலெழுத்துப் படித்த ஒருவர் மூட்டையை இறக்கிவைத்து லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, விலை பேசும் பாவனையில் சம்பளம் என்ன, கடன் எவ்வளவு, பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்டறிந்தார். நம்மவரை ஆட்களாக எண்ணிக் கணக்கெழுதியவர்கள் பலர் இருந்தனர். உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர்?

அவர் கேட்டறிந்தவற்றுள் தலையானது கடன். கடல் கடந்து வந்த செலவு முதல் கம்பளி வரை எல்லாம் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போவதானால் அந்தக் கடனைத் தீர்ப்பதாக எழுதிய துண்டு வேண்டும். துண்டை வைத்து ஆளோடு கடனையும் கைமாற்றினார்கள். பெரிய கங்காணிக்கோ, பெரட்டுக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்காசு. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிந்தது. அது நடேசய்யரின் சாதனை என்று சொல்வது பிழை. 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் நிறுவிய சேர். பொன்னம்பலம் அருணாசலம், அவரோடு உழைத்த பெரி. சுந்தரம் ஆகியோருக்கே அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் சட்டம் மாறினால் கங்காணியின் கணக்குப் புத்தகமும் மாறிவிடுமா? அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் நடேசய்யர் எழுதத் தொடங்கினார்.

தேசநேசன், அதன் பின் தேசபக்தன் என்று பத்திரிகைகள் வந்தன, ஆங்கிலத்திலும் நடத்தினார். தேசபக்தன் துரைமாரையும் கங்காணிமாரையும் பெயர் சொல்லித் தாக்கியது. தோட்டத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் வாசிக்க இருபது பேர் கேட்டார்கள். 1920களின் நடுப்பகுதியில் சட்ட நிரூபண சபையில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் உப தலைவராக நின்று சிங்களத் தொழிலாளருக்காகவும் உழைத்தார். இந்தச் சிநேகம் நீடிக்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் வரவர, குணசிங்கவின் பேச்சு இந்தியருக்கு எதிராகத் திரும்பியது, நடேசய்யர் விலகினார். அந்த விலகலில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை நமது பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் உயர் மலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயமாயிற்று. (கொழுந்து பறித்துத் தோட்டத்துக்குப் பணம் சேர்த்தவள் பெண். அவளுக்கு 11 சதம் குறைவு! சம சம்பளம் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) இதற்கும் இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தல் ஒரு காரணம். உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்ததும் அந்தச் சொற்பச் சம்பளத்திலும் கை வைத்தார்கள். 1931இல் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது இந்தச் சூழ்நிலையில்தான். தொழிற்சங்கங்களுக்கான சட்டமே 1935இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும். தோட்டத்துக்குள் கூட்டம் போட இயலாது. நகரத்தில் கூட வேண்டும். கூட்டத்துக்குப் போனவனுக்கு மறுநாள் பேர் விழாது. சில வேளை பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு இறக்கிவிடுவார்கள்.

இங்கே அவருடைய மனைவி மீனாட்சியம்மையைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். அவரும் பத்திரிகையில் எழுதினார். தொழிலாளரின் துயரங்களை அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது. ஒரு பெண் மேடையேறிப் பொது இடத்தில் பாடுவதை நல்ல குடும்பத்து வழக்கமென்று யாரும் கொள்ளாத காலம் அது. நமது விவாதத்தின் இரண்டாம் நாளில், அதுவரை வாய் திறவாதிருந்த ஓர் அம்மையார், தமது பாட்டி கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அந்தப் பாட்டுகளில் ஒன்றை முணுமுணுப்பாள் என்று சொன்னார். அதன்பின் மண்டபத்தில் சற்று நேரம் பேச்சில்லை.

1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இதுவரை பெரியவருக்கும் நமக்கும் பிணக்கில்லை. பிணக்கு 1939க்குப் பின்.

அந்த ஆண்டு அரசாங்கப் பகுதிகளில் வேலைசெய்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தொடங்கினார்கள். பேசித் தீர்க்க ஜவாஹர்லால் நேரு ஜூலை மாதம் வந்தார். அவர் முன்னிலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கம் தோன்றியது. 1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். மலை முழுவதும் கொதித்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் காங்கிரஸ் சங்கத்தை நோக்கிப் போனார்கள். நடேசய்யர் போகவில்லை. தமது சம்மேளனத்தைக் கலைக்காமல் காங்கிரசுக்கு எதிரணியாகவே நின்றார். தோட்டத்தில் இரண்டு சங்கங்கள் இருந்தால் துரைக்குச் சௌகரியம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கலாம். துரைமாருக்கு உதவினார் என்று பெரியவரின் தகப்பனார் காலத்து மனிதர்கள் சொன்னதன் உட்பொருள் இதுவே.

நாம் இதை லேசாகத் தள்ளிவிடவில்லை. அவர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. புதிய காங்கிரசின் முன்வரிசையில் வர்த்தகர்களும் பெரிய கங்காணிமார் குடும்பத்தவரும் இருந்தனர். எந்தக் கணக்குப் புத்தகத்தை எதிர்த்து இருபது ஆண்டுகள் எழுதினாரோ, அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவரின் பிள்ளைகளே இப்போது தொழிலாளரின் தலைவர்கள். அவருக்கு நம்பிக்கை பிறக்காததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவருடைய கணிப்பு பொய்த்தது. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே சங்கத்தைத் தோட்டந்தோறும் கட்டினார்கள்; குடியுரிமை பறிபோனபின் 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகமும் இருந்தார்கள். பிறப்பைக் கொண்டு ஒருவனை அளக்கக் கூடாது என்று பிராமணராகிய நடேசய்யருக்காக நாம் வாதாடுகிறோம். அதே அளவுகோலைக் கங்காணி மகனுக்கு அவர் தர மறுத்திருந்தால், அது பிழையென்று சொல்லவும் வேண்டும்.

நம் மனதில் உறுத்துவது வேறொரு குறை. பத்திரிகை அவர், சங்கம் அவர், சபையில் குரல் அவர். அவருக்கு அடுத்து நிற்க ஒருவரையும் அவர் வளர்த்ததாகக் காணோம். தோட்டத்துக்கு ஒரு கமிட்டி, அதற்கு ஒரு தலைவர் என்று லயத்து மனிதனின் கையிலேயே சங்கத்தை ஒப்படைத்த வேலை காங்கிரஸ் காலத்தில்தான் பரவலாக நடந்தது. ஆகவே ஒருவர் தளர்ந்ததும் சம்மேளனமும் தளர்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நடேசய்யர் தோற்றார். தாம் எழுப்பிய மக்களின் வாக்கினாலேயே தோற்றார் என்பது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் காலமானார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அவருக்கு வாக்களித்தவரும் எதிர்த்து வாக்களித்தவரும் அதில் ஒன்றாகவே விழுந்தனர்.

அதற்குப் பின் மறதி. வென்றவர்கள் தமது வரலாற்றைத் தமது ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இங்கும் அப்படியே ஆயிற்று. சாரல் நாடன் 1988இல் நூல் எழுதி அவரை மீட்டெடுக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

நிற்க. வில்பர்போர்சைச் சொன்னோம் அல்லவா? அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே மனிதர் 1799இல் இங்கிலாந்துத் தொழிலாளர் சங்கம் சேர்வதைத் தடுத்த சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். இதைப் பாடசாலையில் நமக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில்தான் கண்டோம். அதற்காக அவர் படத்தை யாரும் இறக்கியதாகத் தெரியவில்லை. இதைச் சபையில் சொன்னபோது நல்ல வாதம் என்று நமக்குள் சற்றுப் பெருமைதான். பெரியவர் உடனே மடக்கினார். வெள்ளைக்காரர் செய்ததைக் காட்டி நமது பிழையை மூடலாமா, அவருடைய படத்தின் கீழும் அந்த 1799ஐ எழுதியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் சொன்னது சரி. முழு வாழ்க்கையையும் சொல்ல மனமில்லாதவன் படத்தை மட்டும் மாட்டுவது, தெரியாத சுவாமிக்குத் தேங்காய் உடைப்பது போலத்தான்.

கைதூக்கிப் பார்த்ததில் படம் வேண்டும் என்றவர் பதினான்கு, வேண்டாம் என்றவர் ஒன்பது. பெரியவர் ஒன்பதில் ஒருவர். ஆயினும் படத்தின் கீழ் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் குழுவில் அவரே தலைவராக இருக்கச் சம்மதித்தார். 1931இல் சம்மேளனம் அமைத்ததும், 1939க்குப் பின் காங்கிரசோடு சேராது நின்றதும், 1947இல் தோற்றதும் மூன்று வரிகளில் எழுதப்பட்டுள்ளன. மீனாட்சியம்மையின் பெயர் நான்காவது வரி. அது அந்த அம்மையாரின் வேண்டுகோள்.

அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தல். தேசபக்தன் பத்திரிகைத் துண்டுகளோ, சம்மேளனத்தின் சந்தாச் சீட்டுகளோ, காங்கிரஸ் சங்கத்தின் பழைய அட்டைகளோ எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருந்தால் மன்ற நூலகத்துக்குக் கொண்டுவந்து காட்டும்படி வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். அந்தப் பாட்டுகளை அறிந்த பாட்டிமார் எவரேனும் இருந்தால், அவர்கள் வரவேண்டியதில்லை. நாமே வீட்டுக்கு வருவோம்.