பீர் ஆலையில் பிறந்த கணக்கு: ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் எழுதிய வில்லியம் கோசெட் யார்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. அதனால் ஒன்று வெந்திருந்தால் மற்றதும் வெந்திருக்கும்.

ஆனா, பானையில் இருக்கும் ஒவ்வொரு அரிசியும் வேற வேற வயலிலிருந்து வந்திருந்தா? எத்தனை சோற்றை நசுக்கிப் பார்த்தா நம்பலாம்? ஒன்றா, நான்கா, நூறா?

100 ஆண்டுகளுக்கும் முன்பு அயர்லந்தின் டப்ளின் நகரில், கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளைஞரைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். அவருடைய பானையில் இருந்தது சோறு இல்லை. ஹாப்ஸ், பார்லி, ஈஸ்ட்.

அவர் பெயர் வில்லியம் சீலி கோசெட். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய கண்டுபிடிப்பைப் பயன்படுத்தியிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவர்களை ஒரு வழி பண்ணும் ‘டி-டெஸ்ட்’ அவர் கொடுத்ததுதான்.

ஹாப்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கும், சின்னக் கூம்பு போன்ற பச்சைப் பூ. பிரித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தூளில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, பிசின். பீருக்குக் கசப்பைக் கொடுத்து, சீக்கிரம் கெட்டுப்போகாமல் காப்பது அதுதான். இன்னொன்று, எண்ணெய். எலுமிச்சை, புல், மலர், பழம் என்று விதவிதமான வாசனை அதிலிருந்து வருகிறது.

இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பிசின் கசப்பாக மாற நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதித்தால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ரசத்தில் கொத்தமல்லித்தழையை அடுப்பை அணைக்கும்போது போடுகிறோம் இல்லையா? அதே கதைதான்.

அதனால்தான் ‘டிரை ஹாப்பிங்’ என்ற முறை வந்தது. பீர் நொதித்த பிறகு, சூடு இல்லாத நிலையில் ஹாப்ஸைப் போட்டு சில நாள் ஊறவிடுவார்கள். கசப்பு பெரிதாக ஏறாது. வாசனை மட்டும் இறங்கும். வீட்டில் பீர் தயாரிப்பவர்களிடமும் இது பிரபலம்.

கின்னஸின் கறுப்பு பீர் வாசனைக்குப் பேர்போனது அல்ல. அங்கே ஹாப்ஸ் முக்கியமாகக் கசப்புக்கும் பாதுகாப்புக்கும்தான். ஆனால் ஹாப்ஸை எதற்குப் பயன்படுத்தினாலும் சிக்கல் ஒன்றே. தோட்டத்துக்குத் தோட்டம், அறுவடைக்கு அறுவடை, ஏன், மூட்டைக்கு மூட்டைகூட அதன் தரம் மாறும்.

ஹாப்ஸ் ஊரில் பிறந்தவர்

கோசெட் பிறந்தது 1876ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில். அது கெண்ட் வட்டாரம். ஹாப்ஸ் தோட்டங்களுக்குப் புகழ்பெற்ற மண். அங்கே விளையும் ‘ஈஸ்ட் கெண்ட் கோல்டிங்ஸ்’ வகையை ஆங்கிலேய பீர்களில் டிரை ஹாப்பிங் செய்ய இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

அப்பா ராணுவப் பொறியாளர். மகனும் அந்த வழியில் போயிருக்கலாம், பார்வைக் குறைபாடு தடுத்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்டில் கணிதம், வேதியியல் இரண்டிலும் முதல் வகுப்பு. 1899இல் கின்னஸ் வேலைக்கு எடுத்தது. பரம்பரைக் கைப்பக்குவத்தோடு நிற்காமல், அறிவியல் படித்த இளைஞர்களை ஆலைக்குள் கொண்டுவந்த காலம் அது.

அவர் போய்ச் சேரும்போதே அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. முந்தைய ஆண்டு தாமஸ் கேஸ் என்ற ஆலை அறிவியலாளர் ஹாப்ஸில் உள்ள மென்மையான பிசினை அளந்திருந்தார். 11 மாதிரிகளின் சராசரி 8.1 விழுக்காடு. இன்னொரு தொகுப்பில், 14 மாதிரிகளுக்கு, 8.4 விழுக்காடு.

இந்த 0.3 உண்மையான வித்தியாசமா? இல்லை, கையில் அகப்பட்ட பூக்களின் அதிர்ஷ்டமா? கேஸால் சொல்ல முடியவில்லை. அப்போது இருந்த கணக்கு முறைகளுக்கு நூற்றுக்கணக்கான அளவீடுகள் வேண்டும். ஆலையில் அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஆனால் டன் கணக்கில் ஹாப்ஸ் வாங்கியாக வேண்டும்.

1904இல் கோசெட் ஆலைக்குள் மட்டும் சுற்றில் விடும் ஓர் அறிக்கை எழுதினார். எத்தனை முறை அளந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் விஷயம். அடுத்த ஆண்டு, புள்ளியியலில் அன்று கொடிகட்டிப் பறந்த கார்ல் பியர்சனைப் பார்க்கச் சுமார் 30 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார். 1906இல் அவரிடமே லண்டனுக்குப் படிக்கப் போனார்.

பியர்சன் நல்லாத்தான் உதவினார். ஆனால் அவருக்குச் சின்ன மாதிரிகளில் ஆர்வம் இல்லை. அவர் கையாண்டது ஆயிரக்கணக்கான அளவீடுகளை. நான்கை வைத்துக்கொண்டு மண்டையை உடைப்பானேன் என்பது போன்ற நிலை.

3,000 அட்டைகள்

கணினி இல்லாத காலம். கோசெட் என்ன செய்தார் தெரியுமா? 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நான்கு நான்காகப் பிரித்தார். 750 குட்டி மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் சராசரி, விலகல் எல்லாம் கையாலேயே போட்டு, தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். பொருந்தியது.

அவர் கண்டது இது: மாதிரி சின்னதாக இருந்தால் சராசரி மட்டும் ஆடுவதில்லை. அது எவ்வளவு ஆடும் என்று நாம் போடும் கணக்கும் சேர்ந்து ஆடும். ஆகவே கூடுதல் எச்சரிக்கை தேவை. தொடக்கக்கல்லூரியில் 1.96 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். நான்கே நான்கு அளவீடுகள் என்றால் அந்த இடத்தில் இன்றைய டி-அட்டவணை காட்டும் எண் 3.18. 30 அளவீடுகள் என்றால் 2.05க்கு இறங்கிவிடும்.

1908இல் பியர்சனின் ‘பயோமெட்ரிகா’ சஞ்சிகையில் கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் ‘ஸ்டூடண்ட்’. ஆலை ரகசியம் கசிந்துவிடக் கூடாது என்பதால், ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட கின்னஸ் விடவில்லை. புள்ளியியலால் பீர் ஆலைக்கு லாபம் என்பதே போட்டியாளர்களுக்குத் தெரிய வேண்டாத செய்திதானே!

கட்டுரையை உடனே யாரும் கொண்டாடவில்லை. 1912இல் கேம்பிரிட்ஜ் மாணவர் ரொனால்ட் ஃபிஷர் அந்தச் சூத்திரத்துக்கு முறையான நிரூபணம் அனுப்பினார். பல பரிமாண வடிவியலில் இருந்த அது கோசெட்டுக்கே பிடிபடவில்லை. பியர்சனிடம் தள்ளிவிட்டார். ஃபிஷர்தான் பிறகு டி-டெஸ்ட்டை உலகெங்கும் கொண்டுபோனவர்.

இருவரும் நண்பர்கள். ஆனாலும் 1930களில் வயல் சோதனைகளை எப்படி அமைப்பது என்பதில் முட்டிக்கொண்டார்கள். எந்தப் பாத்தியில் எந்தப் பார்லி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஃபிஷர். மண்ணின் ஏற்ற இறக்கம் தெரிந்திருக்கும்போது சமமாகப் பிரித்து நடுவதே மேல் என்றார் கோசெட். பின்வந்த தலைமுறை பெரும்பாலும் ஃபிஷர் பக்கம் சாய்ந்தது.

இன்னொரு விஷயத்தில் கோசெட் சொன்னதைப் பலர் மறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. 8.1க்கும் 8.4க்கும் இடையிலான வித்தியாசம் உண்மையானதா என்பது பாதிக் கேள்விதான். அதனால் பீர் மாறுமா, எவ்வளவு பணம் மிச்சமாகும், இன்னொரு சோதனைக்கு என்ன செலவு? வியாபாரியின் கேள்விகள். அவருக்கு அவைதான் முக்கியம்.

இன்று ஹாப்ஸ் பொட்டலங்களில் ‘ஆல்ஃபா அமிலம்’ இத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். அன்று கேஸ் அளந்த மென்மையான பிசினின் ஒரு பகுதிதான் அது. அதுவும் ஒரு மாதிரியை எடுத்து அளந்த எண்தான்.

வாசனைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். டிரை ஹாப்பிங் செய்த பீர், செய்யாத பீர். மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே பீரை ஊற்றி, வித்தியாசமான குவளை எது என்று நான்கு பேரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சரியாகச் சொல்லிவிட்டால் வாசனை ஏறிவிட்டது என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே, குறைந்தது மூன்று பேர் சரியாகச் சொல்ல ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேரும் சரியாகச் சொன்னால் கதை வேறு. ஊகத்தில் அது நடக்க 81இல் ஒரு வாய்ப்புதான்.

அலுவலகத்துக்கு வெளியே

பழகியவர்களுக்குப் பிடித்த மனிதர் கோசெட். சண்டைக்கோழிகளான பியர்சன், ஃபிஷர் இருவரோடும் நட்பாக இருந்தது சாதாரண விஷயமா! தச்சு வேலை, படகு கட்டுவது, மீன்பிடிப்பு, பழ மரம் வளர்ப்பது என்று கை சும்மா இருக்காது. புள்ளியியல் அவருடைய முழுநேர வேலையே அல்ல. சம்பளம் பீர் தயாரிப்புக்கு.

1935இல், லண்டனின் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புதிய ஆலைக்குப் பொறுப்பேற்கக் குடும்பத்தோடு டப்ளினிலிருந்து கிளம்பினார். அடுத்த ஆண்டு அங்கே பீர் தயாரிப்பு தொடங்கியது. 1937இல் நிறுவனத்தின் தலைமை பீர் தயாரிப்பாளர் பதவி அவருக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 61.

கிட்டத்தட்ட அவருடைய எல்லாக் கட்டுரைகளிலும் இருப்பது ஒரே பெயர்தான்: ‘ஸ்டூடண்ட்’. பாடநூல்களும் அதை ‘ஸ்டூடண்டின் டி-பரவல்’ என்றே இன்னும் குறிப்பிடுகின்றன.