டிவிஎஸ் பெயரில் ஒளிந்திருக்கும் ஊர் எது தெரியுமா? டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கதை

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி பக்கம் இருப்பவர்களிடம் 'பாடி லூகாஸ்' என்று சொன்னால் போதும், உடனே வழி சொல்லிவிடுவார்கள். லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியால் அந்த ஸ்டாப்பிங்குக்கு வந்த பெயர் அது. பாடி தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்த்தே வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆனா, 'டிவிஎஸ்' என்ற மூன்றெழுத்தில் முதல் எழுத்து ஒரு ஊரைக் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

'டி' என்றால் என்ன?

திருக்குறுங்குடி. 'வி' அப்பாவின் பெயர், 'எஸ்' சுந்தரம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. 1877-ல் சுந்தரம் ஐயங்கார் பிறந்தது இங்கேதான்.

இன்று அந்த ஊருக்குப் போனால் கண்ணில் படுவது ஆலை அல்ல, அழகிய நம்பி கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கார்த்திகை மாதத்தில் இங்கு நடக்கும் கைசிக நாடகம் ரொம்பவே பிரபலம். இந்தக் கோயிலைப் புதுப்பிக்கும் பணியை முன்னெடுத்தவர் சுந்தரம் ஐயங்காரின் பேரன் வேணு சீனிவாசன்.

வக்கீல் டு பஸ் முதலாளி

அப்பா ஆசைப்பட்டதால் முதலில் வக்கீல் தொழிலுக்குப் போனார் சுந்தரம். பிறகு ரயில்வேயில் வேலை, அடுத்து வங்கி வேலை. மாதச் சம்பளம் நிச்சயம். ஆனாலும் அதை உதறிவிட்டு 1911-ல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் நம்பி ஊர்கள் இருந்த காலம் அது.

பிறகு மதுரையை மையமாக வைத்து தொழில் வளர்ந்தது. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று தென் மாவட்டப் பெரியவர்கள் இப்போதும் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பஸ்ஸை ஷெட்டில் போட்டுவிடாமல், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' தயாரித்தது அவரது நிறுவனம்.

மகள் வைத்த சோதனை

தொழிலில் புதுமையைத் தயங்காமல் ஏற்றவருக்கு வீட்டில் ஒரு சோதனை வந்தது. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்து, கணவரும் சீக்கிரமே இறந்துவிட்டார். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைப்பதுதான் அன்றைய வழக்கம். ஆனால் குடும்பம் அவரை மேலே படிக்கச் சொன்னது. டெல்லியில் மருத்துவம் படித்து டாக்டரானார் சௌந்தரம்.

அடுத்து நடந்ததுதான் கடினம். கேரளத்தைச் சேர்ந்த காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார் மகள். மறுமணம், அதுவும் வேறு சாதியில். பெற்றோர் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1940-ல் காந்தி முன்னிலையில் அந்தத் திருமணம் நடந்தது. வழக்கத்தை மீறி மகளைப் படிக்க வைத்த குடும்பம்தான், அதே மகள் இன்னொரு அடி முன்னே வைத்தபோது தயங்கி நின்றது.

அந்தத் தம்பதி 1947-ல் திண்டுக்கல் அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். 1962 தேர்தலில் திண்டுக்கல் எம்.பி.யான சௌந்தரம், மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார்.

அவர் பார்க்காத பாடி

1955-ல் சுந்தரம் ஐயங்கார் காலமானார். பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் மகன்கள் காலத்தில் வந்தவை. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல்தான் ரோட்டுக்கு வந்தது. அவரை அடையாளம் காட்டிய மதுரை பஸ்களோ 1972-ல் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்விட்டன.

பஸ்கள் கைமாறினாலும் பெயர் மாறவில்லை. அடுத்த முறை பாடி மேம்பாலத்தைக் கடக்கும்போதோ, மூட்டை ஏற்றிய எக்ஸ்எல் ஒன்று உங்களை முந்திப் போகும்போதோ, அந்த முதல் எழுத்தைக் கவனியுங்கள். அது ஒரு நெல்லைக் கிராமத்தின் பெயர்.